பென்ஃபிகா மறுபடி தோற்றது: குட்மன் சாபம் உண்மைதானா?

வாசகர் கேள்வி | 15 மே 2014, காலை 6.50

ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து, போர்ச்சுகல் கால்பந்து கிளப் பென்ஃபிகா பெனால்டியில் ஸ்பெயினின் செவில்லாவிடம் தோற்றதைப் பார்த்தேன். 1962க்கு அப்புறம் எட்டாவது ஐரோப்பிய ஃபைனல், எட்டிலும் தோல்வி. 1962இல் பெலா குட்மன் என்ற கோச் கூடுதல் காசு கேட்டாராம். கிளப் தர மாட்டேன் என்றதும், இன்னும் நூறு வருடத்துக்கு உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை கிடையாது என்று சாபம் விட்டுவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லையாம். போனஸுக்காக ஒரு கிளப்பையே சபிக்கிறவர் பெரிய கோச்சா? காசு எங்கே அதிகமோ அங்கே ஓடிய ஆள் என்பது என் கருத்து. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் | 15 மே 2014, காலை 9.15

தலைவைத்துப் படுக்கவில்லை என்பது தப்பு. 1965இல் அதே குட்மன் அதே பென்ஃபிகாவுக்குக் கோச்சாகத் திரும்பி வந்தார். 1965-66 சீசனில் அவர்தான் கோச். நூறு வருடம் சபித்த மனிதர் மூன்றே வருடத்தில் அதே வாசலில் வந்து வேலைக்குச் சேர்ந்தால் சாபத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? சம்பளம் இல்லாத விடுப்பு என்றா?

கண் எரிகிறது. தூங்கிவிட்டு வருகிறேன்.

15 மே 2014, இரவு 8.30

நேற்றைய ஆட்டத்துக்குச் சாபமே தேவையில்லை. என்ஸோ பெரெஸ், சால்வியோ, மார்கோவிச் மூன்று பேருக்கும் தடை. நடுக்களத்தையும் இரண்டு ஓரத்தையும் வீட்டில் விட்டுவிட்டு ஃபைனல் ஆடப் போனால் 120 நிமிடம் கோல் விழாதுதான். பெனால்டியில் கார்டோசோ, ரொட்ரிகோ இருவரும் அடித்ததைச் செவில்லா கோலி பேட்டோ தடுத்தார். கோலி நிஜமாகவே நன்றாக ஆடியதற்கு வியன்னாவில் புதைந்து கிடக்கிற குட்மன் என்ன செய்வார்?

பென்ஃபிகா கோச்சின் பெயர் ஜோர்ஜ் ஜெசுஸ். இயேசுவே பெஞ்சில் உட்கார்ந்தும் சாபம் தீரவில்லை என்று என் தம்பி காலையிலிருந்து ஐந்து முறை சொல்லிவிட்டான். ஆறாவது முறை இங்கே நான் சொல்கிறேன்.

சரி, குட்மன். 1899இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். அப்பா, அம்மா இருவரும் நடனம் சொல்லிக்கொடுப்பவர்கள். அவரும் பதினாறு வயதிலேயே நடன ஆசிரியர் சான்றிதழ் வாங்கியவர். அப்புறம்தான் பந்து. எம்.டி.கே. அணியில் சென்டர் ஹாஃப். அங்கிருந்து வியன்னாவுக்குப் போய் ஹகோவா என்ற யூதர் கிளப்பில் ஆடினார். 1925இல் ஹகோவா ஆஸ்திரிய லீக்கையே ஜெயித்தது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரி அணியில் இருந்தார். ஆட்டக்காரர்களைவிட அதிகாரிகள் எண்ணிக்கை அதிகம். தங்க வைத்த ஹோட்டலில் ராத்திரி தூங்க முடியாது, எலி வேறு. நம் ஆள் செத்த எலிகளைப் பொறுக்கி அதிகாரிகளின் அறைக் கதவுகளில் தொங்கவிட்டார். எகிப்திடம் 3-0 தோல்வி. அதற்கப்புறம் அவரை நாட்டு அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. கோச்சாக அவர் போட்ட சண்டைகள் எல்லாவற்றுக்கும் விதை அந்த எலியில் இருக்கிறது என்பேன்.

16 மே 2014, பகல் 1.10

வீட்டில் ஓட்டு எண்ணிக்கை ஓடுகிறது. ரிமோட் என் கைக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

1926இல் ஹகோவா அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போனது. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ஒரு ஆட்டத்துக்கு 46,000 பேர். அந்தக் கூட்டத்தையும் டாலரையும் பார்த்த பல ஆட்டக்காரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள், குட்மன் உட்பட. மதுவிலக்குக் காலம். ஆட்டம் போக மீதி நேரத்தில் ஒரு கள்ள மதுக்கடையில் பங்கு. கையில் சேர்ந்ததைப் பங்குச்சந்தையில் போட்டார். 1929இல் எல்லாம் போச்சு.

கேள்வி கேட்ட நண்பர் 'காசு காசு' என்கிறாரே, அந்த வரியை இங்கே பொருத்திப் பாருங்கள். முப்பது வயதில் மொத்தமாகத் துடைத்து எடுக்கப்பட்ட ஆள் அதற்கப்புறம் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் எப்படிப் படிப்பார்?

1935இல் நெதர்லாந்தின் என்ஷ்கெடே கிளப்புக்குப் போகிறார். கீழே இறங்காமல் தப்பித்தால் போதும் என்று இருந்த அணி. பட்டம் ஜெயித்தால் இவ்வளவு வேண்டும் என்று ஒரு பெரிய தொகை கேட்கிறார். தலைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். அணி மளமளவென்று மேலே ஏறிவிட, கிளப் திவாலாகிவிடுமே என்று கடைசி ஆட்டங்களில் தலைவரே தன் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார் என்று ஒரு கதை. மிளகாய்ப்பொடி தூவிய கதையாக இருக்கலாம். எனக்குப் பிடித்த கதை.

16 மே 2014, இரவு 11.00

மேலே ஒன்று விட்டுப்போச்சு. எத்தனை நாடு என்று ஒருவர் கேட்டிருந்தார். கோச்சாக மட்டும்: ஆஸ்திரியா, நெதர்லாந்து, ஹங்கேரி, ருமேனியா, இத்தாலி, அர்ஜென்டினா, சைப்ரஸ், பிரேசில், போர்ச்சுகல், உருகுவே, சுவிட்சர்லாந்து, கிரீஸ். பன்னிரண்டு. லாரி டிரைவர்கூட இவ்வளவு சுற்ற மாட்டார்.

மூன்றாவது சீசன்தான் கோச்சுக்கு எமன் என்பது அவருடைய கொள்கை. இரண்டு வருடத்துக்குள் ஆட்டக்காரர்களுக்கு உன் குரல் சலித்துவிடும், எதிரணிக்கு உன் வித்தை தெரிந்துவிடும். அதற்குள் கிளம்பிவிடு. பெரும்பாலும் அதற்கு முன்பே கிளம்பினார், அல்லது கிளப்பினார்கள்.

17 மே 2014, இரவு 10.20

போர்க்காலத்தில் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு மட்டும் இன்றைக்குப் பதில்.

சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருந்தார் என்று ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது பொய். 1939இல் புடாபெஸ்டை ஒட்டிய ஊய்பெஷ்ட் அணிக்கு ஹங்கேரி லீக்கையும், மத்திய ஐரோப்பியக் கிளப்புகளுக்கான மித்ரோபா கோப்பையையும் வாங்கிக்கொடுத்த கோச், 1944இல் அதே ஊய்பெஷ்ட் பகுதியில், பின்னாளில் மைத்துனரான ஒருவருடைய முடிதிருத்தும் கடையின் பரண்மேல் ஒளிந்திருந்தார். கீழே கத்தரிக்கோல் சத்தம், மேலே இவர். அப்புறம் கட்டாய உழைப்பு முகாம். அந்த டிசம்பரில், வேறு எங்கோ கொண்டுபோகப்படுவதற்கு முன், ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். கூடக் குதித்தவர்களில் ஒருவர் எர்னோ எர்ப்ஸ்டைன். போருக்குப் பின் டொரினோவை இத்தாலியின் தலைசிறந்த அணியாக்கிய அதே எர்ப்ஸ்டைன். 1949இல் சூப்பர்கா மலையில் மோதிய விமானத்தில் அணியோடு சேர்ந்து அவரும் போனார்.

குட்மனின் அப்பாவும் சகோதரியும் தப்பவில்லை.

போர் முடிந்ததும் ருமேனியாவில் ஒரு வேலை. காசுக்கு மதிப்பில்லாத நேரம் என்பதால் சம்பளத்தைக் காய்கறியாகக் கேட்டு வாங்கினார். காசு காசு என்று அலைந்த ஆளாம்.

18 மே 2014, மாலை 5.45

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஊரே அமைதியாகிவிட்டது. ஒரு சண்டைக்கதை சொல்கிறேன்.

1948, கிஷ்பெஷ்ட். பின்னால் ஹொன்வேட் என்று பெயர் மாறப்போகும் கிளப். பின்னால் ஹங்கேரியின் பெரிய நட்சத்திரமான புஷ்காஷ் ஆடிய அணி. அவனுடைய அப்பாதான் அங்கே கோச், அவருக்கு அடுத்து குட்மன். புஷ்காஷுக்கு இருபத்தோரு வயது. ஆனால் மைதானத்தில் அவன் சொன்னதுதான் சட்டம். ஒரு ஆட்டத்தில் பாத்யி என்ற தடுப்பாட்டக்காரர் முரட்டுத்தனமாக ஆட, இடைவேளையில் குட்மன் அவரிடம் 'நீ வெளியே வராதே, இங்கேயே உட்கார்' என்கிறார். மாற்று ஆளை இறக்கும் வழக்கம் கிடையாது. பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். புஷ்காஷ் பாத்யியைப் பார்த்து 'நீ வா' என்கிறான். பாத்யி எழுந்து போய்விட்டார்.

குட்மன் கத்தவில்லை. கேலரியில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்துப் படித்தார். ஆட்டம் முடிந்ததும் டிராம் ஏறி வீட்டுக்குப் போனார். அந்தக் கிளப்புக்குத் திரும்பவே இல்லை.

இது எனக்கு நடந்திருக்கிறது. நான் ஒன்பது வருடம் ஒரு தனியார் பள்ளியில் பி.இ.டி. வாத்தியார். பள்ளி எது என்று கேட்காதீர்கள். அரையிறுதியில் ஒரு ஸ்டாப்பர் பையனை, கணுக்கால் வீங்கியிருக்கிறது, இறங்காதே என்றேன். கேப்டன் 'டேய், வாடா' என்றான். அவன் போனான். எனக்கு டிராம் இல்லை, விரிக்கப் பேப்பரும் இல்லை. கோட்டுக்கு வெளியே தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டார்கள். அதுதான் பெரிய அவமானம்.

20 மே 2014, இரவு 9.00

இத்தாலியின் மிலன் கிளப். 1953 கடைசியில் சேர்ந்தார். நோர்டால், லீட்ஹோம், உருகுவேயின் ஸ்கியாஃபினோ என்று பெரிய தலைகள். 1955 பிப்ரவரியில் அணி லீக் பட்டியலில் முதலிடம். அந்த நிலையில் வேலையைவிட்டு எடுத்தார்கள். அந்த சீசன் முடிவில் மிலன் பட்டம் ஜெயித்தது, கணக்கில் வேறொரு கோச் பெயர்.

அதற்கப்புறம் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை வைத்தார்: பட்டியலில் முதலில் இருக்கும்போது என்னை நீக்கக் கூடாது. கால்பந்தில் இதைவிட வயிற்றெரிச்சலான சட்ட வாசகத்தை நான் பார்த்ததில்லை.

என்னையும் அப்படித்தான் எடுத்தார்கள். டிஸ்ட்ரிக்ட் ஜெயித்த வருடம். கோப்பையைக் கரஸ்பாண்டென்ட் அறையில் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். ஜூன் மாதம் எனக்கு ஆர்டர் வரவில்லை. நான் சாபமெல்லாம் விடவில்லை. அடுத்த வருடம் அந்தப் பள்ளி முதல் ரவுண்டில் தோற்றது என்று கேள்விப்பட்ட ராத்திரி மட்டும் இரண்டு பரோட்டா கூடுதலாக இறங்கியது.

21 மே 2014, காலை 7.30

'பிரேசிலுக்கு 4-2-4 (நால்வர் தடுப்பு, இருவர் நடுக்களம், நால்வர் முன்வரிசை) கற்றுக்கொடுத்து 1958 உலகக்கோப்பை வாங்கிக்கொடுத்தது குட்மன்' என்று ஒருவர் போட்டிருக்கிறார். அவ்வளவு ஏற்ற வேண்டாம். 1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது ஹொன்வேட் அணி வெளிநாட்டில் மாட்டிக்கொண்டது. அந்த அணி 1957 தொடக்கத்தில் பிரேசிலுக்கு ஆடப் போனபோது குட்மனும் கூடப் போனார். (ஆமாம், அதே புஷ்காஷோடு. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.) அங்கேயே சாவோ பாவ்லோ கிளப்பில் தங்கி அந்த வருடமே மாநிலப் பட்டம் ஜெயித்தார். பிரேசில்காரர்கள் அந்த நால்வர் தடுப்பை அதற்கு முன்பே தட்டித்தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் போய் வேகம் கொடுத்தார், அவ்வளவுதான்.

23 மே 2014, இரவு 11.15

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

1959 மார்ச், போர்ச்சுகல் லீக்கின் கடைசி நாள். குட்மன் அப்போது போர்ட்டோ கோச். போர்ட்டோவும் பென்ஃபிகாவும் ஒரே புள்ளி. கோல் வித்தியாசத்தில்தான் பட்டம். போர்ட்டோ தோரியன்ஸேயை 3-0 என்று ஜெயித்துவிட்டது. ஆனால் லிஸ்பனில் பென்ஃபிகா ஆட்டம் இன்னும் முடியவில்லை. தாமதமாகத் தொடங்கியது, நடுவர் கலபோத்தே வேறு ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போகிறார். போர்ட்டோ ஆட்டக்காரர்கள் வியர்வை காயாமல் அந்த மைதானத்திலேயே நின்று ரேடியோவைக் கேட்கிறார்கள். பென்ஃபிகாவுக்கு ஏழு கோல். இன்னும் விழுந்தால் பட்டம் கைமாறிவிடலாம். விழவில்லை. 7-1. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் போர்ட்டோ சாம்பியன்.

அப்படி ஜெயித்த கோச் அடுத்து எங்கே போனார்? பென்ஃபிகாவுக்கு. போர்ட்டோக்காரர்கள் சபித்திருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

போனவுடனே இருபது பேரை வெளியே அனுப்பிவிட்டு இளைஞர்களை ஏற்றினார். 1960, 1961 இரண்டு லீக் பட்டமும் பென்ஃபிகாவுக்கு.

25 மே 2014, பகல் 12.40

நேற்று ராத்திரி சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் நடந்தது எங்கே என்று கவனித்தீர்களா? பென்ஃபிகாவின் சொந்த மைதானத்தில். கோப்பை அவர்கள் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, மாட்ரிட் போய்விட்டது. ரியல் மாட்ரிட்டின் ராமோஸ் 93ஆவது நிமிடத்தில் தலையால் முட்டினார். போன வருடம் செல்சியின் இவானோவிச்சும் பென்ஃபிகாவுக்கு எதிராக 93ஆவது நிமிடத்தில்தான் முட்டினார். பகுத்தறிவு பேசுகிற எனக்கே லேசாக முதுகு சில்லிட்டது.

அந்த மைதானத்தில்தான் பிப்ரவரியில் குட்மனுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டு கையிலும் இரண்டு ஐரோப்பியக் கோப்பை. சபித்தவருக்குச் சிலை வைப்பது நமக்குப் புதிதில்லை. பயந்த தெய்வத்துக்குத்தானே முதலில் படையல்.

அந்த இரண்டு கோப்பை: முதலாவது 1961, பெர்ன். பார்சிலோனா 3-2 தோல்வி. பார்சிலோனாவில் கொச்சிஷ், சிபோர் என்ற இரண்டு ஹங்கேரிக்காரர்கள். 1954 உலகக்கோப்பை ஃபைனலில் இதே மைதானத்தில் இதே 3-2 என்று ஜெர்மனியிடம் தோற்றவர்கள். இரண்டு பேரும் கோல் போட்டும், பந்து திரும்பத் திரும்பக் கம்பத்தில் பட்டு வெளியே போனது. சாபம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கம்பத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது 1962, ஆம்ஸ்டர்டம். எதிரே ரியல் மாட்ரிட், புஷ்காஷ். பாத்யியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போன அதே புஷ்காஷ் முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்துவிட்டார். இடைவேளையில் 3-2, மாட்ரிட் முன்னிலை. பதினான்கு வருடம் கழித்து மறுபடி ஒரு இடைவேளை, மறுபடி புஷ்காஷ். இந்த முறை குட்மன் பேப்பர் படிக்கவில்லை. மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவுக்குப் பந்து போகும் வழியைத் தன் ஆட்டக்காரர் கவேமை வைத்து அடைத்தார். கொலுனா சமன் செய்தார். அப்புறம் இருபது வயது யூசெபியோ இரண்டு. 5-3.

அந்த யூசெபியோ கிடைத்ததே முடிவெட்டும் கடையில். லிஸ்பனில் ஒரு சலூனில் பிரேசில்காரர் பவுவரைச் சந்தித்தபோது, மொசாம்பிக்கில் இப்படி ஒரு பையனைப் பார்த்தேன் என்று அவர் சொல்ல, குட்மன் பறந்தார். பரண்மேல் கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு அதிர்ஷ்டம் மறுபடி கத்தரிக்கோல் சத்தத்தோடு வந்தது.

அந்தக் கோப்பைக்கு அப்புறம்தான் கூடுதல் தொகை கேட்டது. ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். உருகுவேயின் பெனரோலுக்குக் கிளம்பிவிட்டார். அந்த ஆகஸ்டிலேயே தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபெர்தாதோரெஸ் கோப்பை ஃபைனலில் பெலேயின் சான்டோஸிடம் தோற்றார். சாபம் போட்டவருக்கே ஃபைனல் போச்சு.

25 மே 2014, இரவு 9.50

யூசெபியோ பற்றி ஒன்று. 1990இல் பென்ஃபிகா ஃபைனல் ஆடியது வியன்னாவில். குட்மன் 1981இல் இறந்து புதைக்கப்பட்ட ஊர். ஆட்டத்துக்கு முன் யூசெபியோ கல்லறைக்குப் போய் வேண்டிக்கொண்டார். மிலன் 1-0. இந்த ஜனவரியில் யூசெபியோவும் போய்விட்டார். இனி வேண்டுதலை நேரில் போய்ச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அதுவும் செவில்லாவோடு பலிக்கவில்லை.

1965இல் திரும்பி வந்தாரே, அது எப்படிப் போனது என்று கேட்டவருக்கு: மோசமாக. 1966 மார்ச்சில் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 5-1. பத்தொன்பது வயது ஜார்ஜ் பெஸ்ட் பிய்த்து எறிந்தான். லீக்கும் ஸ்போர்ட்டிங்குக்குப் போனது. விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதை மூன்றாவது சீசன் கொள்கையோடு சேர்த்து எழுதியிருக்கலாம் மனிதர்.

2 ஜூன் 2014, இரவு 12.30

பள்ளிகள் திறக்கும் நாளில் எனக்குத் தூக்கம் வராது. பழைய பழக்கம்.

20ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். என்னை யாரும் எடுக்கவில்லை. கோப்பை வந்த மறுவாரம் நானே கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போய், மாதம் ஆயிரத்து ஐநூறு கூட்டித் தாருங்கள் என்றேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'உங்க ஆர்டர்ல அப்படி இல்லையே சார்' என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போது ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். நூறு வருடம் எல்லாம் இல்லை, கொஞ்சம் குறைவு.

அதனால் கேள்வி கேட்ட நண்பருக்கு: சாபக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவன் என்ற முறையில், குட்மன் அப்படி ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார் என்பதை நம்புகிறேன். விசில் இன்னும் அங்கேதான் இருக்கும். நல்ல விசில் அது.

26 ஏப்ரல் 2022, காலை 8.05

எட்டு வருடம் கழித்து யாரோ இதைத் தோண்டி எடுத்து 'சாபம் தீர்ந்தது' என்று போட்டிருக்கிறார்கள். நேற்று பென்ஃபிகா பையன்கள் யூத் லீக் ஃபைனலில் சால்ஸ்பர்க்கை 6-0 என்று அடித்தார்கள். இதற்கு முன் மூன்று ஃபைனல் தோற்ற பிறகு. நல்ல அணிதான். ஆனால் சபித்ததாகச் சொல்லப்படுவது பெரியவர்களை. கணக்குப்படி 2062 வரை பாக்கி இருக்கிறது.

18ஆம் தேதி எழுதினேனே, கணுக்கால் வீங்கின ஸ்டாப்பர் பையன். அவன் போன வாரம் ஃபோன் செய்தான். 'சார், ஒரு அகாடமியில் கோச்சாக் கூப்பிடுறாங்க, எவ்வளவு கேக்கலாம்?' தொகையை அப்புறம் பேசு, பட்டியலில் முதலில் இருக்கும்போது நீக்கக் கூடாது என்று முதலில் எழுதி வாங்கு என்றேன்.

'சார், பத்து வயசுப் பசங்க. பட்டியலே கிடையாது' என்றான்.